முதல் மாடிக்குத் தனி டி.பி.: ஒயர் அளவு, நியூட்ரல், ஆர்.சி.சி.பி. சந்தேகங்கள் (பெங்களூரு)

ஹோரமாவு_மாடிவீடு

ஹோரமாவில் முப்பதுக்கு நாற்பது சைட். தரைத்தளத்தில் நாங்கள் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இருப்பதற்காக மேலே ஒரு மாடி எழுப்புகிறோம். சுவர் எழுப்பி மேல்தளமும் போட்டாயிற்று. பூச்சு வேலைக்கு முன்னால் சுவரில் காடி வெட்டிப் பைப் பதிக்க எலக்ட்ரீஷியன் வரப்போகிறார். அதற்குள் எனக்குக் கொஞ்சம் தெளிவு வேண்டும்.

கீழே இப்போது சிங்கிள் ஃபேஸ், 3 கிலோவாட் சாங்ஷன் லோடு (அனுமதிக்கப்பட்ட அளவு). வாசல் கதவுக்குப் பின்னால் 8 வே டி.பி. (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அதில் ஒரு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அறுத்துவிடும் சுவிட்ச்) இருக்கிறது. எலக்ட்ரீஷியன் சொல்லும் திட்டம் இது: அதே டி.பி.யில் காலியாக இருக்கும் ஒரு வழியிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் இரண்டு மேலே போகும், எர்த்துக்கு 1.5, மேலே இன்னொரு 8 வே பெட்டி. மேலே ஆர்.சி.சி.பி. வேண்டாம், வைத்தால் சும்மா சும்மா விழும் (தானாக ஆஃப் ஆகிவிடும்) என்கிறார். நான் தயங்கினால் "ஏனூ ஆகல்ல சார்" (ஒன்றும் ஆகாது) என்று சிரிக்கிறார்.

மேலே வரப்போகிறவை: 2 கிலோவாட் கீசர் இரண்டு, இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீரைச் சூடாக்கும் வகை வாஷிங் மெஷின், ஒன்றரை டன் ஏசி ஒன்று, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மற்றபடி விளக்கு, ஃபேன். கீழே ஓடும் இன்வெர்ட்டரிலிருந்தே மேல் விளக்குகளுக்கும் கொடுக்கலாம் என்று எண்ணம்.

அவர் சொல்வது சரிதானா?

ஒயர்மேன்_கே.ஆர்.புரம்

அண்ணா, முதலில் காடி வெட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஒயரைப் பின்னால் உருவி மாற்றிக்கொள்ளலாம். பூசிய சுவருக்குள் இருக்கும் பைப்பை என்ன செய்வீர்கள்?

மேலே போகிற மெயின் ஒயருக்கு மட்டும் தனிப் பைப். குறைந்தது 25 எம்.எம்., வளைவு அதிகம் என்றால் 32. பாயிண்ட் ஒயர்களை அதே பைப்பில் திணிக்க விடாதீர்கள். தடித்த ஒயர் மூன்றை 20 எம்.எம். பைப்பில் இழுக்கப் போனால் வளைவில் மாட்டிக்கொள்ளும். அதை நாலு பேர் சேர்ந்து இழுப்பார்கள், இன்சுலேஷன் உள்ளே உரிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. கூடவே கீழிருந்து மேலே இன்னொரு காலி பைப்பும் போட்டு வையுங்கள். இன்வெர்ட்டர் லைன் என்கிறீர்களே, அதற்குக் கண்டிப்பாக வேண்டும்.

ஒயர் அளவைப் பெரியவர்கள் யாராவது கணக்குப் போட்டுச் சொல்வார்கள். என் கைக்கணக்குக்கு 4 போதாது.

பழைய_ஃப்யூஸ்

பெரியவர் வந்துவிட்டேன்.

கீசர் இரண்டும் 4 கிலோவாட், இண்டக்‌ஷன் 2, வாஷிங் மெஷின் 2, ஏசி 1.6, மீதி எல்லாம் சேர்த்து 1. ஆக 10.6 கிலோவாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 46 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, உண்மை. ஆனால் பெங்களூருக் குளிரில் காலை ஆறரை மணிக்கு இரண்டு கீசரும் ஓடும், அடுப்பும் ஓடும், ஃப்ரிட்ஜும் ஓடும். அதுவே 28, 30 ஆம்பியர் வந்துவிடும். கூட வாஷிங் மெஷினைத் தட்டிவிட்டால் 38. ஏசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது ஓடும் நேரத்தில் கீசர் ஓடாது.

சுவருக்குள் பைப்பில் போகும் செம்பு ஒயர், சுற்றிலும் 40 டிகிரி சூடு என்று வைத்தால், 4 ஸ்கொயர் சுமார் 28 ஆம்பியர் தாங்கும், 6 ஸ்கொயர் 35, 10 ஸ்கொயர் 50. கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணையில் கொஞ்சம் ஏறி இறங்கும், குறைவாகப் போட்டிருப்பதை நம்புங்கள்.

விதி ஒன்றுதான். லோடைவிட எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அறுக்கும் சுவிட்ச்) பெரிதாக இருக்க வேண்டும், எம்.சி.பி.யைவிட ஒயர் பெரிதாக இருக்க வேண்டும். உங்களுக்கு 40 ஆம்பியர் எம்.சி.பி. வேண்டும் என்றால் 6 ஸ்கொயர் அதற்குக் கீழே நிற்கிறது. ஆகவே 10. நீளம் 20 மீட்டர் என்று வைத்தால் 30 ஆம்பியரில் 10 ஸ்கொயரில் இரண்டரை வோல்ட் சொச்சம் குறையும், 6-இல் நாலரை. இரண்டுமே பரவாயில்லை. இந்தத் தூரத்தில் வோல்டேஜ் குறைவு பிரச்சினை இல்லை, சூடுதான் பிரச்சினை.

எர்த்துக்கு 1.5 என்பது தவறு. ஃபேஸ் ஒயர் 16 ஸ்கொயர் வரை இருந்தால் எர்த்தும் அதே அளவு போடுவதுதான் சுலபமான வழி. பச்சையிலும் 10 இழுங்கள்.

அப்புறம் அந்த 3 கிலோவாட். அது 13 ஆம்பியர்தான். மேலே எவ்வளவு அழகாகப் பெட்டி வைத்தாலும் அடியில் இருப்பது அதுதானே. பெஸ்காமில் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) லோடு ஏற்ற விண்ணப்பியுங்கள். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரின் கையெழுத்து அதற்கு எப்படியும் வேண்டும். உங்கள் "ஏனூ ஆகல்ல" ஆளிடம் பர்மிட் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

அல்சூர்_அக்கா

எங்கள் மேல் வீடு பல வருஷமாக 4 ஸ்கொயரில்தான் ஓடுகிறது. எதுவும் எரியவில்லை. செம்பு விற்கிற விலையில் சும்மா 10, 10 என்று சொல்லிவிடுகிறீர்கள். வீடு கட்டுகிறவருக்குத்தானே வலி.

ஒயர்மேன்_கே.ஆர்.புரம்

அக்கா, உங்கள் மேல் வீட்டில் கேஸ் அடுப்பு, ஒரே கீசர் என்றால் 4 தாராளம். இவருக்கு அடுப்பே கரண்டில். ஒயர் ஒரே நாளில் எரிந்துவிடாது. சாதாரண பி.வி.சி. 70 டிகிரிக்குத்தான் கணக்கு. தினமும் காலையில் அதைத் தாண்டிச் சுட்டால் சில வருஷத்தில் இன்சுலேஷன் மொறுமொறு என்று ஆகிவிடும். பழைய வீடுகளில் ஒயரை மடக்கினாலே உடைவதைப் பார்த்திருக்கிறேன்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பெட்டியில் குறையுங்கள், சுவிட்ச் மாடலில் குறையுங்கள். சுவருக்குள் போவதில் வேண்டாம்.

மூணுஃபேஸ்

லோடு ஏற்றும்போது எப்படியும் மூன்று ஃபேஸ் வாங்கப் போகிறீர்கள். பிறகு ஏன் மேலே சிங்கிள் ஃபேஸ்? 6 ஸ்கொயரில் நாலு ஒயர் இழுத்து மேலே டி.பி.என். (மூன்று ஃபேஸும் நியூட்ரலும் வரும்) பெட்டி வையுங்கள். கீசர் ஒன்றில், அடுப்பு ஒன்றில், ஏசி ஒன்றில் என்று பிரித்துவிடலாம். நம் பக்கத்தில் ஒரு ஃபேஸ் போய் மற்ற இரண்டும் இருப்பது சகஜம். வீடு முழுக்க இருட்டாகாது.

பழைய_ஃப்யூஸ்

செய்யலாம், தவறில்லை. நான் ஏன் தயங்குகிறேன் என்று சொல்கிறேன்.

மூன்று ஃபேஸ் பெட்டியில் நியூட்ரல் ஒயர் எங்காவது கழன்றால், இரண்டு ஃபேஸில் உள்ள சாமான்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக 415 வோல்ட்டில் உட்கார்ந்துவிடும். ஒரு ஃபேஸில் கீசர், இன்னொன்றில் டி.வி. மட்டும் ஓடுகிறது என்று வையுங்கள். கீசருக்கு ரெசிஸ்டன்ஸ் குறைவு, டி.வி.க்கு அதிகம். வோல்டேஜ் முக்கால்வாசிக்கு மேல் டி.வி. தலையில் விழும், 400-ஐ நெருங்கும். எம்.சி.பி. பேசாமல் இருக்கும், ஏனென்றால் அதன் கண்ணுக்கு ஓவர்லோடு எதுவும் இல்லை. தெருவில் நியூட்ரல் அறுந்து நாலு வீட்டில் டி.வி., ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போன கதை உங்கள் ஏரியாவிலும் இருக்கும்.

சிங்கிள் ஃபேஸ் ஃபீடரில் (மேல் பெட்டிக்குப் போகும் மெயின் லைன்) நியூட்ரல் கழன்றால் மேலே கரண்ட் இல்லை, அவ்வளவுதான். வயதானவர்கள் இருக்கப்போகும் மாடி. ஃபால்ட் வந்தால் அது இருட்டாக வரட்டும், 400 வோல்ட்டாக வேண்டாம்.

கீழே மெயின் டி.பி. மூன்று ஃபேஸ், மேலே ஒரு ஃபேஸ் 10 ஸ்கொயரில். ஃபேஸ் போகும் தொல்லைக்குக் கீழே ஒரு ஃபேஸ் செலக்டர் சுவிட்ச். ஆர், ஒய், பி எது இருக்கிறதோ அதற்குத் திருப்பிக்கொள்ளுங்கள். திருப்பும்போது எல்லாரும் அதே ஃபேஸில் ஏறிக்கொள்கிறோம் என்பதை மறந்து கீசரைப் போடாமல் இருந்தால் சரி.

மெயின் டி.பி.க்கு இன்கமர் (கரண்ட் உள்ளே வரும் மெயின் சுவிட்ச்) நாலு ஒயரையும் ஒன்றாக அறுக்கும் நாலு போல் வகையாக இருக்க வேண்டும், நியூட்ரலுக்கு ஃப்யூஸ் போடக் கூடாது. ஓவர் வோல்டேஜ் வந்தால் அறுத்துவிடும் ரிலே ஒன்றும் அங்கேயே வைத்துவிடலாம்.

கோரமங்களா_ஈ.வி.

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நாளைக்கு எலக்ட்ரிக் கார் வாங்கினால் இந்த மேல் பெட்டியிலிருந்தே சார்ஜருக்கு எடுக்கலாமா?

ஒயர்மேன்_கே.ஆர்.புரம்

வேண்டாம் சார். வண்டி கீழேதானே நிற்கும்? மெயின் டி.பி.யிலிருந்தே தனி ஒயர், தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி. 7.4 கிலோவாட் சார்ஜர் ஒன்றே 32 ஆம்பியர், அதுவும் ராத்திரி முழுக்க விடாமல் இழுக்கும். ஸ்கூட்டர் என்றால் சாதாரண 16 ஆம்பியர் பாயிண்ட் போதும். காருக்கு இப்போதே ஒரு காலி பைப் போட்டு வைத்தால் புண்ணியம்.

ஹோரமாவு_மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. காடி வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். லோடு ஏற்றும் விண்ணப்பத்துக்கு லைசென்ஸ் உள்ள ஒரு கான்ட்ராக்டரையும் பிடித்தாயிற்று. அவர் மேல்பார்வையில் பழைய ஆளே வேலை செய்வார்.

கான்ட்ராக்டர் கேட்கிறார்: மேலே தனி மீட்டர், தனி ஆர்.ஆர். நம்பர் (மின் இணைப்பு எண்) வாங்கிவிடலாமே, சப் டி.பி. எதற்கு என்று. 

மூணுஃபேஸ்

நாளைக்கு மேல் வீட்டை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் தனி மீட்டர்தான் நல்லது. க்ருஹ ஜோதி (கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டம்) 200 யூனிட் கணக்கு மீட்டருக்கு மீட்டர். ஒரே மீட்டரில் இரண்டு வீடும் ஓடினால் 200-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். அதே நேரம் ஒருவர் பெயரில் ஒரு மீட்டருக்குத்தான் அந்தச் சலுகை. புது மீட்டர் என்றால் கட்டடத்துக்கான காகிதங்களையும் கேட்பார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஓ.சி. (கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றிதழ்) விஷயத்தில் கெடுபிடி அதிகமாயிற்று, இப்போது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா அம்மாதான் இருக்கப் போகிறார்கள், இன்வெர்ட்டரும் ஒன்றுதான் என்றால் சப் டி.பி. போதும். பின்னால் தனி மீட்டர் வந்தாலும் இதே பெட்டியும் இதே 10 ஸ்கொயரும் அப்படியே பயன்படும்.

அல்சூர்_அக்கா

அந்த ஆர்.சி.சி.பி. விஷயத்தை யாரும் பேசவே இல்லையே. அவர் எலக்ட்ரீஷியன் சொல்வது எங்கள் வீட்டு அனுபவமும்தான். மழை வந்தால் விழும், கீசர் போட்டால் விழும். கடைசியில் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். எர்த் குழி நன்றாகத்தான் இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது. போதாதா?

பழைய_ஃப்யூஸ்

அம்மா, உங்கள் குழி நல்ல குழி என்றே வைத்துக்கொள்வோம். 5 ஓம். ஃபேஸ் ஒயர் ஒன்று கீசர் உடம்பில் பட்டுவிட்டது. அந்தக் குழி வழியே மண்ணுக்குள் போகும் கரண்ட் 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். அதுவும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் குழியைக் கணக்கில் சேர்க்காமல்.

சி வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டும் என்றால் அதன் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு கரண்ட் வேண்டும். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 160 முதல் 320. உங்களிடம் இருப்பது 46. அது ஓவர்லோடு என்று நினைத்து மெல்லச் சூடாகிக்கொண்டிருக்கும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.யாக இருந்தாலும் 80-க்கு மேல் வேண்டும். அதுவரை கீசர் உடம்பு, குழாய், ஈரத்தரை எல்லாம் வோல்டேஜில் நிற்கும். வீட்டுக்குத் தனிக் குழி என்ற முறையில் எர்த் செய்யும் இடங்களில் எம்.சி.பி.யை நம்பி ஷாக்கிலிருந்து தப்பிக்க முடியாது, கணக்கே இடம் கொடுக்காது.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு இந்தச் சங்கடம் இல்லை. குழி 100 ஓம் ஆகிவிட்டாலும் விழும். வீடுகளுக்கு 30 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது.

கீசர் போட்டால் விழுகிறது என்றால் கீசரைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் கீசரின் சூடாக்கும் காயில் மேல் உப்புப் படிந்து, உறையில் வெடிப்பு விழுந்து, கசியும். ஆர்.சி.சி.பி. சொன்னது உண்மை. சொன்ன ஆளைத்தான் நீங்கள் வேலையை விட்டு நீக்கியிருக்கிறீர்கள்.

அல்சூர்_அக்கா

சரி சரி. கீசரைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஹோரமாவு_மாடிவீடு

இப்போது புதுச் சிக்கல். பைப் வேலை முடிந்து, மூன்று ஃபேஸும் வந்துவிட்டது. கீழ் வீட்டுக்குப் பழைய ஆர்.சி.சி.பி., மேல் பெட்டியில் புது ஆர்.சி.சி.பி. மேலே வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்று கீழ் இன்வெர்ட்டர் லைனிலிருந்து ஒரு ஃபேஸ் ஒயரை மேலே கொண்டு போய் ஒரு பல்ப் போட்டார். சுவிட்சைத் தட்டியதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. சில சமயம் கீழே உள்ளது, சில சமயம் மேலே உள்ளது, சில சமயம் இரண்டும். பல்பை மாற்றினாலும் அதே கதை. ஹோல்டரையும் மாற்றினார். "நான் அப்போதே சொன்னேன்" என்று என்னை ஒரு பார்வை பார்க்கிறார்.

ஒயர்மேன்_கே.ஆர்.புரம்

நியூட்ரல் எங்கிருந்து எடுத்தார்?

ஹோரமாவு_மாடிவீடு

மேல் பெட்டியில் உள்ள நியூட்ரல் லிங்கிலிருந்து (நியூட்ரல் ஒயர்கள் சேரும் கட்டை). அருகில் அதுதானே இருக்கிறது என்றார்.

ஒயர்மேன்_கே.ஆர்.புரம்

அதுதான் அண்ணா. பல்பில் ஒன்றும் இல்லை, ஆர்.சி.சி.பி.யிலும் ஒன்றும் இல்லை.

ஆர்.சி.சி.பி. செய்கிற வேலை ஒன்றே ஒன்று. தன் வழியாக ஃபேஸில் போன கரண்ட் தன் வழியாகவே நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். உங்கள் பல்புக்குக் கரண்ட் கீழ் ஆர்.சி.சி.பி. வழியாக இன்வெர்ட்டருக்கு வந்து மேலே போகிறது. திரும்புவது மேல் ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் வழியாக. கீழே உள்ளது "போனது திரும்பவில்லை, எங்கோ கசிகிறது" என்று விழும். மேலே உள்ளது "நான் அனுப்பாத கரண்ட் என் நியூட்ரலில் வருகிறது" என்று விழும். எது முந்திக்கொள்கிறதோ அது. ஒன்று விழுந்தால் வழி அறுந்துவிடும், அதனால் மற்றது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

9 வாட் எல்.இ.டி. பல்ப்கூட 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். 30-க்கு மேல் ஆயிற்றே. ஒரு ஃபேன் போட்டிருந்தால் இன்னும் வேகமாக விழும்.

பெங்களூரில் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிந்த வீடுகளில் நான் போய்ப் பார்த்தவரை பாதிக்கு மேல் இந்த நியூட்ரல் கலப்புதான். மழையும் இல்லை, பேயும் இல்லை. முன்பு வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. இருந்ததால் கலந்தாலும் தெரியவில்லை. இரண்டாவது பெட்டி வந்ததும் வெளியே வருகிறது.

பழைய_ஃப்யூஸ்

தம்பி மணியாகச் சொல்லிவிட்டார். தீர்வை மட்டும் நான் சேர்க்கிறேன்.

அந்தக் காலி பைப் இப்போது உதவும். இன்வெர்ட்டர் வெளியீட்டிலிருந்து மேலே ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஜோடியாகப் போக வேண்டும், எர்த்தும் கூட. இன்வெர்ட்டர் வெளியீட்டுக்கென்று கீழே தனியாக ஒரு 30 மில்லி ஆர்.சி.சி.பி. வைத்து அதிலிருந்து கிளம்புங்கள். மேல் பெட்டியில் இன்வெர்ட்டர் விளக்குகளுக்குத் தனி நியூட்ரல் லிங்க். மேல் பெட்டியில் இரண்டு ஆர்.சி.சி.பி. வைத்தால் அதற்கும் இரண்டு லிங்க். ஆக மூன்று நியூட்ரல் கட்டை, ஒன்றின் ஒயர் மற்றொன்றில் தொடக் கூடாது. எர்த் கட்டை வேறு. எர்த்தையும் நியூட்ரலையும் மேல் பெட்டியில் எங்கும் இணைக்கக் கூடாது, இணைத்தால் ஆர்.சி.சி.பி. நிற்கவே நிற்காது.

கட்டைகளைப் பார்த்தாலே தெரியும்படி நியூட்ரல் ஒயர் ஒவ்வொன்றிலும் நம்பர் ஃபெர்ரூல் (எண் போட்ட சின்ன வளையம்) மாட்டச் சொல்லுங்கள். எம்.சி.பி. 4 என்றால் அதன் நியூட்ரலும் 4. இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் பத்து வருஷம் கழித்து வருகிற ஆள் எதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கலந்துவிடுகிறான்.

இன்னொன்று. மேல் ஃபீடரைக் கீழ் வீட்டு ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாலிருந்து எடுக்காதீர்கள், முன்னாலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் மேல் கீசர் கசிந்தால் கீழ் வீடும் இருட்டு. ஃபீடருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால், மேலே உள்ள 30 மில்லியோடு கூடுதலாக, மெயினில் 100 மில்லி, தாமதமாக விழும் எஸ் வகை. இரண்டு இடத்திலும் 30 மில்லி வைத்தால் எது விழும் என்பது அதிர்ஷ்டம்.

மூணுஃபேஸ்

அதே கதைதான் எம்.சி.பி.க்கும். கீழே 40 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கும்போது மேல் பெட்டிக்கு இன்கமராக இன்னொரு 40 எம்.சி.பி. வைப்பதில் பயனில்லை. ஷார்ட் ஆனால் இரண்டும் விழும். மேலே இரண்டு போல் ஐசொலேட்டர் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கையால் ஆஃப் செய்யும் சுவிட்ச்) போதும்.

ஒயர்மேன்_கே.ஆர்.புரம்

அந்த ஐசொலேட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இது உயிர் விஷயம். மேல் பெட்டிக்குள் இப்போது இரண்டு இடத்திலிருந்து கரண்ட் வருகிறது. ஐசொலேட்டரை ஆஃப் செய்துவிட்டுக் கை வைக்கிறவனுக்கு இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருப்பது தெரியாது. தெருவில் கரண்ட் இல்லாத நேரத்தில்கூட அது இருக்கும். இன்வெர்ட்டர் லைனுக்கும் பெட்டிக்குள் தனி இரண்டு போல் ஐசொலேட்டர் வையுங்கள். கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் "இன்வெர்ட்டர் லைன் தனி, இரண்டையும் ஆஃப் செய்யவும்" என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டுங்கள். முடிந்தால் இந்தியிலும், இப்போது வேலைக்கு வரும் பையன்கள் பலர் வடக்கிலிருந்து வருகிறார்கள்.

ஹோரமாவு_மாடிவீடு

ஜோடியாக ஒயர் இழுத்து, தனி லிங்க் வைத்தாயிற்று. பல்ப் எரிகிறது, எதுவும் விழவில்லை. எலக்ட்ரீஷியன் ஒன்றும் பேசவில்லை, ஆனால் தன் போனில் அந்த லிங்க்கைப் படம் எடுத்துக்கொண்டார்.

பெட்டி எவ்வளவு பெரிதாக வாங்குவது? எங்கே வைப்பது? மனைவி மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் மறைத்துவிடச் சொல்கிறார்.

பழைய_ஃப்யூஸ்

அலமாரி வேண்டாம், அங்கே புடவையும் பழைய பேப்பரும்தான் சேரும். பாத்ரூம் சுவரின் பின்பக்கமும் வேண்டாம், சிங்குக்கு மேலேயும் வேண்டாம். படியேறி வந்ததும் கண் உயரத்தில், முன்னால் ஒரு ஆள் நிற்க இடத்தோடு இருக்கட்டும். உங்கள் அம்மா ஸ்டூல் போடாமல் எட்டிப் போட முடிய வேண்டும்.

8 வே அடங்காது. ஐசொலேட்டர், இரண்டு ஆர்.சி.சி.பி. சேர்ந்தே ஆறு இடம் தின்றுவிடும். எம்.சி.பி. ஒன்பது வரும். இன்வெர்ட்டர் ஐசொலேட்டர் வேறு. 16 வேயும் போதாது, அதற்கு அடுத்த அளவு வாங்குங்கள். தனி நியூட்ரல் கட்டைகள் உட்கார உள்ளே இடம் இருக்கிறதா என்று கடையில் கதவைத் திறந்து பாருங்கள்.

பிரிக்கும்போது ஈரமான சாமான்களை ஒரு ஆர்.சி.சி.பி.யில் போடுங்கள்: இரண்டு கீசர், வாஷிங் மெஷின். அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஏசி, ரூம் பிளக் எல்லாம் இன்னொன்றில். கீசர் கசிந்தால் ஃப்ரிட்ஜ் நிற்காது. ஊருக்குப் போயிருக்கும்போது அது முக்கியம். ஆர்.சி.சி.பி. டைப் ஏ கேளுங்கள். இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் இவற்றின் கசிவு சுத்தமான ஏ.சி. (மாறுதிசை மின்) அலையாக இருக்காது, பழைய 'டைப் ஏ.சி.' ஆர்.சி.சி.பி. அதைச் சரியாக உணராமல் போகலாம்.

ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைப் பார்க்காது. 40 ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் 40-க்கு மேற்படாத எம்.சி.பி. இருக்க வேண்டும். உங்களுக்குக் கீழே இருப்பது 40, பொருத்தம்.

ஒயர்மேன்_கே.ஆர்.புரம்

மாட்டும்போது: 10 ஸ்கொயருக்கு லக் அல்லது ஃபெர்ரூல் (ஒயர் முனையில் மாட்டும் உலோக உறை) வைத்து சரியான கிரிம்பிங் பிளையரில் அழுத்த வேண்டும், கட்டிங் பிளையரால் நசுக்கினால் ஆகாது. ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எம்.சி.பி. பக்கவாட்டிலேயே போட்டிருக்கும். கொஞ்ச நாள் லோடு ஓடிய பிறகு எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஒரு சுற்று மறுபடி இறுக்கிப் பாருங்கள், நியூட்ரலை முதலில். மீட்டர் பக்கத்து சீலில் மட்டும் கை வைக்க விடாதீர்கள், அது பெஸ்காம் வேலை.

ஹோரமாவு_மாடிவீடு

வேலை முடிந்தது. கான்ட்ராக்டர் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) கொண்டு வந்தார். சாமான்கள், பல்ப், ஆர்.சி.சி.பி. எல்லாம் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் போட்டுப் பார்த்தார். ஒரு சர்க்யூட்டைத் தவிர எல்லாம் 100 மெகா ஓமுக்கு மேல். பின்பக்க பாத்ரூம் கீசர் லைன் மட்டும் 2 மெகா ஓம். 1-க்கு மேல் இருந்தால் போதும், ஓட்டலாம் என்கிறார். விட்டுவிடலாமா?

பழைய_ஃப்யூஸ்

விதிப்படி பாஸ்தான். ஆனால் புது ஒயர், அண்ணன் தம்பி எல்லாம் 100-க்கு மேல் இருக்க ஒருவன் மட்டும் 2 என்றால் எங்கோ ஆணி உரசியிருக்கிறது, இல்லை பைப்பில் சிமென்ட் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் அந்த ஒயரை உருவிப் பாருங்கள்.

ஹோரமாவு_மாடிவீடு

உருவினோம். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் பைப்பின் கூர் விளிம்பு ஒயரைக் கீறியிருந்தது, உள்ளே ஈரம் வேறு. புது ஒயர் இழுத்து, பைப் வாயில் புஷ் (விளிம்பை மூடும் வளையம்) மாட்டியாயிற்று. இப்போது அதுவும் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.

கோரமங்களா_ஈ.வி.

ஏப்ரல், மே இடி மழைக்கு எஸ்.பி.டி. (இடியால் வரும் திடீர் வோல்டேஜைத் தடுக்கும் சாதனம்) வைத்தீர்களா?

ஹோரமாவு_மாடிவீடு

மெயின் டி.பி.யில் டைப் 2 வைத்திருக்கிறோம். மேலே தனியாக வைக்கவில்லை.

அல்சூர்_அக்கா

எங்கள் கதையையும் கேளுங்கள். கீசரில் காயில் வெடித்துத்தான் இருந்தது. மாற்றியாயிற்று. கழற்றிப் போட்டிருந்த பழைய ஆர்.சி.சி.பி.யை மறுபடி மாட்டினால் டெஸ்ட் பட்டன் அழுத்தினாலும் விழ மாட்டேன் என்கிறது. கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒயர்மேன்_கே.ஆர்.புரம்

ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அதற்கு வருகிறதா என்று ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள் அக்கா, நியூட்ரல் இல்லாவிட்டால் பட்டன் வேலை செய்யாது. இரண்டும் இருந்தும் விழவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். புதிது மாட்டிய பிறகு மாதம் ஒரு முறை அந்தப் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது பெட்டியின் உள் வேலையை மட்டும்தான் சோதிக்கும், எர்த் ஒயர் சரியாக இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ஆள் வந்து மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

அல்சூர்_அக்கா

சனிக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் ரோடு போகிறேன். டைப் ஏ, இரண்டு போல், 40 ஆம்பியர், 30 மில்லி. சரிதானே?

ஒயர்மேன்_கே.ஆர்.புரம்

உங்கள் மெயின் எம்.சி.பி. என்ன அளவு என்று பார்த்துவிட்டுப் போங்கள். 40 அல்லது அதற்குக் கீழே என்றால் சரி. 50, 63 என்று இருந்தால் ஆர்.சி.சி.பி.யும் 63 வாங்குங்கள். 30 மில்லி மட்டும் மாறக் கூடாது, கடையில் 100 மில்லியை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.